டி ஆன்சாவிலிருந்து எங்கே போவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சன்னிவேலில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் குப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா கம்யூனிட்டி கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்கிறாள். ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.7. கணினி அறிவியலில் பட்டம் பெற ஆசை. அடுத்த ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவியாக ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். "பெர்க்லியா, யூ.சி.எல்.ஏ.வா? இரண்டும் கிடைக்காவிட்டால் சான் ஹோசே ஸ்டேட்டில் சேர்ப்பது தவறாகிவிடுமா? உறவினர்கள் இப்போதே ஒரு மாதிரி பேசுகிறார்கள். நாங்கள் எச்-1பி, மகள் எச்-4" என்று தந்தை எழுதியிருக்கிறார். எச்-1பி என்பது வேலைக்கான விசா, எச்-4 அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கானது.

ஐயா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் இந்தக் கேள்வியில் மிகவும் கனமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன். வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்று "சார், எங்கே விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்ட பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி "எந்தத் துறைக்கு?" என்பதுதான்.

முதலில் உறவினர்கள் விஷயத்தை முடித்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன. 1960இல் இந்த மாநிலம் தன் உயர்கல்விக்கென்று ஒரு பெருந்திட்டம் வகுத்தபோதே, இந்தக் கல்லூரிகளில் இரண்டாண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதை ஒரு முறையான பாதையாக வைத்தது. இரண்டு புதிய மாணவர்களுக்கு, இப்படி மாறி வரும் ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தை யூ.சி., அதாவது பெர்க்லியும் யூ.சி.எல்.ஏ.வும் அடங்கிய கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அமைப்பு, இலக்காக வைத்திருக்கிறது. பள்ளி முடித்து நேராக யூ.சி.எல்.ஏ.வுக்கு விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. படிப்பு முடிந்ததும் இரு தரப்பினருக்கும் ஒரே பட்டம்தான்; சட்டம் போட்டு மாட்டப்போகும் தாளில் டி ஆன்சாவின் பெயர் இருக்காது. இரண்டாண்டுக் கட்டணத்தில் நீங்கள் மிச்சம் பிடித்திருப்பதைக் கேட்டால் அந்த உறவினர்களே வாயடைத்துப் போவார்கள்.

ஆனால் அந்த "நான்கில் ஒருவர்" கணக்கை நம்பி இறங்கிவிடாதீர்கள். அது எல்லாத் துறைகளையும் கூட்டி எடுத்த சராசரி. கணினி அறிவியலுக்கு பெர்க்லியிலும் யூ.சி.எல்.ஏ.விலும் பத்தில் ஒருவருக்கே இடம் கிடைப்பது அரிது. உள்ளே போனவர்களின் ஜி.பி.ஏ. பெரும்பாலும் 3.9ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதே யூ.சி.எல்.ஏ.வில் வரலாறோ சமூகவியலோ கேட்டால் கதவு எவ்வளவோ அகலம். யூ.சி. நிர்வாகமே ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒவ்வொரு துறைக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள், அவர்களின் ஜி.பி.ஏ. எந்த வரம்பில் இருந்தது என்று ஆண்டுதோறும் இணையத்தில் வெளியிடுகிறது. இன்றிரவே அதைத் திறந்து, மகளை அருகில் உட்காரவைத்துப் பாருங்கள். தரவரிசைப் பட்டியல்கள் பத்தைப் புரட்டுவதைவிட அந்த ஒரு மணி நேரம் மேல். 3.7 நல்ல மதிப்பெண்தான். பெரும்பாலான துறைகளுக்கு அது போதும். கணினி அறிவியலில் அந்த இரண்டு இடங்களுக்கும் அது ஒரு முயற்சி, அவ்வளவே. முயற்சி செய்யட்டும், ஒரு வளாகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 80 டாலர்.

இந்த இடத்தில் நம் பெற்றோர்கள் பலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். போட்டி குறைவான துறையைச் சொல்லி உள்ளே நுழைந்துவிட்டு, பிறகு கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கு அது. ஒரு காலத்தில் சில வளாகங்களில் பலித்தது. இன்று அந்தப் பின்வாசலைக் கிட்டத்தட்டச் சாத்திவிட்டார்கள். பெர்க்லியில் 2023 முதல் கணினி அறிவியலுக்கு நேரடியாகத் தேர்வு செய்தே எடுக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் மாறுவதென்றால் அது இன்னொரு போட்டி. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு அந்தப் போட்டியில் இறங்கி, தோற்று, மீண்டு வர நேரமே இருக்காது. கையில் இருப்பது இரண்டே ஆண்டுகள். ஆகவே எந்தத் துறையின் பெயரை விண்ணப்பத்தில் எழுதுகிறாளோ அதில்தான் பட்டம் வாங்கப் போகிறாள் என்று வைத்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள்.

அதற்காகக் கணினி அறிவியல் என்ற ஒரே பெயரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அவளுக்கு அதில் எது பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கணக்கும் நிறுவலும் பிடிக்கும் என்றால் சான் டியேகோவில் கணிதத் துறையே நடத்தும் கணிதம்–கணினி அறிவியல் பட்டம் இருக்கிறது. மென்பொருளை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் ஆர்வம் என்றால் அர்வைனைப் பாருங்கள். அங்கே கணினித் துறைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளியே இருக்கிறது. இன்ஃபர்மேட்டிக்ஸ், மென்பொருள் பொறியியல் எல்லாம் அதற்குள் வரும். விளையாட்டு வடிவமைப்பு என்றால் சாண்டா குரூஸ். டேவிஸில் கணினி அறிவியல் கலை அறிவியல் கல்லூரியில் ஒன்று, பொறியியல் கல்லூரியில் ஒன்று என இரண்டு வடிவங்களில் இருக்கிறது. இரண்டுக்கும் கேட்கும் முன்பாடங்களும் போட்டியும் வேறு வேறு. புள்ளியியல், தரவு அறிவியல், அறிதல் அறிவியல் ஆகியவையும் பக்கத்து வீடுகளே. வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தின் பெயரைவிட அவள் எழுதிய நிரலைத்தான் கிண்டிப் பார்க்கிறார்கள் என்பது என் மாணவர்கள் திரும்பி வந்து சொன்னது.

துறை முடிவானால் அடுத்தது பாடங்கள். பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான், சறுக்கியது தெரிவது ஒன்றரை ஆண்டு கழித்து. உங்கள் கல்லூரியில் படித்த எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதற்கு அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையத்தளம் இருக்கிறது. கல்லூரி, வளாகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடானது என்று பட்டியல் வரும். ஆறு வளாகங்களுக்கு ஆறு பட்டியல்களை அச்செடுத்து மேசையில் பரப்புங்கள். ஆறிலும் பொதுவாக வரும் பாடங்களை முதலில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு வளாகம் மட்டும் கேட்கும் பாடத்துக்காக ஒரு குவார்ட்டரை (ஆண்டின் மூன்று பருவங்களில் ஒன்று) செலவழிப்பதா என்பதை, அந்த வளாகம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

டி ஆன்சா குவார்ட்டர் முறையில் நடப்பதால் இன்னொரு எச்சரிக்கை. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் பெரும்பாலானவை செமஸ்டர் முறை, அதாவது ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். டி ஆன்சாவில் நுண்கணிதம் 1ஏ முதல் 1டி வரை நான்கு பாடங்கள். செமஸ்டர் கல்லூரியில் அதே சரக்கு மூன்று பாடங்கள். என்னிடம் படித்த ஒரு பையன் குவார்ட்டர் கல்லூரியில் முதல் இரண்டை முடித்துவிட்டு, கோடையில் வேகமாக முடிக்கலாம் என்று செமஸ்டர் கல்லூரி ஒன்றில் மூன்றாவது பாடத்தில் சேர்ந்தான். இரண்டு தொடர்களுக்கும் நடுவில் முடிவிலித் தொடர்கள் என்ற பகுதி முழுவதும் விழுந்துவிட்டது. அவன் விண்ணப்பித்த துறை தொடரை முழுமையாகக் கேட்டது. அவனுக்கு "அதனாலென்ன, போ" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதன்பின் எவர் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: தொடங்கிய தொடரைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடியுங்கள்.

பொதுக்கல்விப் பாடங்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. முன்பு ஐகெட்சி என்றார்கள், 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கால்-கெட்சி. கலைத்துறை மாணவர்களுக்கு அதை முழுதாக முடிப்பது நல்லது. கணினி அறிவியல், பொறியியல் பக்கம் போகிறவர்கள் அதை முடிக்கிறேன் என்று இயற்பியலையும் நேரியல் இயற்கணிதத்தையும் தள்ளிப்போட்டால் கதை கெட்டது. தேர்வுக் குழு முதலில் பார்ப்பது துறைக்கான முன்பாடங்களை. பெர்க்லியின் புகழ்பெற்ற 61ஏ என்ற தொடக்கக் கணினி அறிவியல் பாடத்துக்கு ஈடானது பல கல்லூரிகளில் இல்லை. அங்கே போன பிறகு முதல் பருவத்தில் புதிய மாணவர்களோடு உட்கார்ந்து அதை எடுக்க வேண்டி வரும். இரண்டு ஆண்டில் ஒரு பருவம் இப்படிப் போவது சிறிய விஷயம் இல்லை.

இனி, உத்தரவாதம். ஆங்கிலச் சுருக்கத்தில் டாக் என்பார்கள். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், சொன்ன பாடங்களைச் சொன்ன ஜி.பி.ஏ.வோடு முடித்தால் இடம் உறுதி என்று எழுத்தில் தருகின்றன. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ இதில் கிடையாது. ஆறில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பம் செப்டம்பர் மாதம் முழுவதும் திறந்திருக்கும், 30ஆம் தேதியோடு முடியும். இதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, எல்லாத் துறைகளுக்கும் இது கிடையாது. சாண்டா பார்பராவில் கணினி அறிவியல் பொறியியல் கல்லூரிக்குள் இருப்பதால் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. மற்ற வளாகங்களும் கணினித் துறைகளை அவ்வப்போது விலக்குகின்றன. அந்தந்த ஆண்டின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், போன வருடம் அண்ணன் சொன்னதை வைத்துப் போகக்கூடாது. இரண்டு, உத்தரவாதம் கையில் வந்துவிட்டது என்று வழக்கமான விண்ணப்பத்தைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அதைப் போட்டால்தான் உத்தரவாதம் செல்லும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்த ஒன்றில் கோட்டைவிட்ட குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

மெர்செட் என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். 2005இல் திறந்த வளாகம், சுற்றிலும் வயல்வெளி, உண்மைதான். ஆனால் நீங்கள் விரும்பும் துறைக்கு அங்கே உத்தரவாதம் இருந்தால், அதை விழாமல் பிடிக்கும் வலையாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்குத் துணிந்து விண்ணப்பிக்கலாம்.

சான் ஹோசே ஸ்டேட்டைப் பற்றி நீங்கள் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. 1857இல் தொடங்கிய நிறுவனம் அது. நகரத்தின் நடுவில் நிற்கிறது. உங்களைச் சுற்றியிருக்கும் பெரிய நிறுவனங்களில் அங்கே படித்த பொறியாளர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். "கிடைக்காவிட்டால் அங்கே" என்று சொல்கிற அளவுக்கு அது எளிதும் அல்ல. கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல் இரண்டுக்கும் இடத்தைவிடக் கூட்டம் அதிகம் என்பதால் தனி வரம்பு வைத்து, அந்த வரம்பைத் துறைவாரியாக வெளியிடுகிறார்கள். சான் ஹோசே ஸ்டேட் அடங்கிய கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் வளாகங்களுக்கென்று சில நிபந்தனைகளும் உண்டு. மேடைப்பேச்சு, ஆங்கில எழுத்து, தர்க்கச் சிந்தனை, கணிதம் என்ற நான்கு அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். யூ.சி.யையே நினைத்துக்கொண்டு மேடைப்பேச்சை விட்டுவிட்டு, கடைசிக் குவார்ட்டரில் அந்த வகுப்புக்கு ஓடுவது ஆண்டுதோறும் நடக்கிற கூத்து. டிரான்ஸ்ஃபருக்கான இணைப் பட்டம் என்று ஒன்று 2010 சட்டத்தின்படி இருக்கிறது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓரிடம் உறுதி. அந்த "எங்காவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். சான் ஹோசேயில்தான் என்று எவரும் வாக்களிக்கவில்லை.

பணத்தைப் பார்ப்போம். கால் ஸ்டேட்டில் மாநிலவாசிகளுக்கு 2025–26க்கான கல்விக் கட்டணம் 6,450 டாலர், வளாகக் கட்டணங்கள் தனி. யூ.சி.யில் அது 15,000 டாலரை ஒட்டி வருகிறது. ஆனால் உண்மையில் பையைக் கடிப்பது வாடகையும் சாப்பாடும்தான், யூ.சி. வளாகத்தில் தங்கிப் படித்தால் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். சான் ஹோசேக்கு வீட்டிலிருந்தே போய் வரலாம். சிரமப்பட்டால் பெர்க்லிக்கும் முடியும். சான் ஹோசேயின் பெர்ரியெஸ்ஸா நிலையத்திலிருந்து பார்ட் ரயில் நேராக பெர்க்லி நகர மையத்துக்கே போகிறது. தினமும் போய் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வாரத்துக்கு மூன்று நாள் என்றால் தாங்கும். சாண்டா குரூஸில் வீடு கிடைப்பது பெரும்பாடு. தனியார் பக்கம் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை ஓரளவு எடுக்கிறது, கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலர் அளவில். ஸ்டான்ஃபோர்டை மறந்துவிடுங்கள், ஆண்டுக்குச் சில டஜன் பேர்தான்.

எந்த வளாகமானாலும் ஒன்றைத் தனியாக விசாரியுங்கள்: போய் இறங்கியவுடன் என்ன கிடைக்கும்? குவார்ட்டர் முறை வளாகங்களில் டிரான்ஸ்ஃபர் மாணவி செப்டம்பரில் போய் இறங்குகிறாள்; பெர்க்லி, மெர்செட், சான் ஹோசே ஆகியவை செமஸ்டர் முறை என்பதால் அங்கே ஆகஸ்டில். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் ஆள் தேடி வருவதும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான். நாலாண்டு மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் ஆற அமரப் பழகியதை இவள் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டும். அதிலும் குவார்ட்டர் என்பது பத்து வாரம். தூங்கி விழித்தால் இடைத்தேர்வு வந்து நிற்கும். இந்த அவசரம் எந்த வளாகத்திலும் இருக்கும் என்றாலும், முதல் பருவத்திலேயே மேல்நிலைப் பாடங்களில் இடம் கிடைக்கிறதா, அல்லது பதிவு வரிசையில் கடைசியில் நின்று மிச்சம் மீதியைப் பொறுக்க வேண்டியிருக்கிறதா என்பது வளாகத்துக்கு வளாகம் வேறுபடும். இதை வளாகச் சுற்றுலா அழைத்துப்போகும் வழிகாட்டி சொல்ல மாட்டார். டி ஆன்சாவிலிருந்து போன ஆண்டு அங்கே போன மாணவரைப் பிடித்துக் கேட்க வேண்டும். கல்லூரியின் டிரான்ஸ்ஃபர் மையத்தில் கேட்டால் ஆளைக் காட்டுவார்கள்.

யூ.சி. விண்ணப்பம் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ முடியும். நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். அதில் ஒன்று, இந்தத் துறைக்கு எப்படித் தயாரானாய் என்பது, கட்டாயம். அதை அவளே எழுதட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம். ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்களைத் திரும்பப் பதிய வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காமல் அதை விடுபவர்கள் இருக்கிறார்கள். இடம் கிடைத்த பிறகும் வசந்த காலத்தில் ஒரு பாடத்தைக் கைவிட்டால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி.

எச்-4 விசாவில் இருப்பவர்கள் கலிஃபோர்னியாவிலேயே நிலையாகக் குடியிருந்தால் மாநிலவாசியாகக் கட்டணம் செலுத்தும் தகுதி பெறலாம். நீங்கள் இதுவரை டி ஆன்சாவில் யூனிட்டுக்கு 31 டாலர் கட்டியிருந்தால் அது அப்படித்தான். ஆனால் 21 வயது நிறைந்தவுடன் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எஃப்-1இல் இருப்பவர் மாநிலவாசி ஆக முடியாது. யூ.சி.யில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 35,000 டாலருக்கு மேல். கால் ஸ்டேட்டில் அது யூனிட்டுக்கு 400 டாலருக்கு மேல். ஆண்டுக்கு 30 யூனிட் என்றால் 12,000 டாலரைத் தாண்டும். கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகையும் இரண்டு விசாக்களிலும் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது, இன்டர்ன்ஷிப் உட்பட. எஃப்-1 என்றால் பொதுவாக ஓராண்டு முழுநேரப் படிப்புக்குப் பின் இன்டர்ன்ஷிப்புக்கு வழி இருக்கிறது. பட்டம் பெற்றதும் ஓராண்டும், அறிவியல் தொழில்நுட்பத் துறைகளுக்கு மேலும் 24 மாதங்களும் வேலை செய்யலாம். அதாவது கட்டணம் மலிவாக இருக்கும் காலத்தில் இன்டர்ன்ஷிப் இல்லை, இன்டர்ன்ஷிப் கிடைக்கும் காலத்தில் கட்டணம் மலையேறிவிடுகிறது. பெர்க்லியா சான் ஹோசேயா என்ற கேள்வியை இந்தக் கணக்கோடு மறுபடி கேட்டுப் பாருங்கள். இரண்டாண்டில் வித்தியாசம் 45,000 டாலருக்கு மேல் வரலாம். பெர்க்லியில் தங்கும் செலவு இதில் சேரவில்லை.

வழக்கமாக 18 வயதில் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டில் 21 ஆகும். உங்கள் மகளின் பிறந்தநாள் ஆகஸ்டிலா, அடுத்த மே மாதத்திலா என்பதைப் பொறுத்து மாநிலவாசிக் கட்டணத்தில் ஒரு பருவமோ இரண்டோ கூடலாம், குறையலாம். உங்கள் கிரீன் கார்டு மனு எந்தத் தேதியில் நிற்கிறது என்பதையும், குழந்தைகளின் வயதைக் கணக்கிடும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு உதவுமா என்பதையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள். விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு வளாகத்திலும் மாணவர் வசிப்பிடத் தகுதியைத் தீர்மானிக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. படிப்பின் நடுவில் விசா மாறினால் கட்டணம் எந்தப் பருவத்திலிருந்து மாறும் என்று அவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பதில்களோடும் அவளுடைய பிறந்த தேதியோடும் மறுபடி எழுதுங்கள். செப்டம்பர் 30க்கு முன்பாக எழுதினால் உத்தரவாதத்தை எந்த வளாகத்துக்குப் பயன்படுத்துவது என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.